செலக்டர் வீட்டு இசைத்தட்டுப் பெட்டி

"இன்னிக்கு ஒரு லோடு வந்துச்சு பாரு அம்சா, நூத்தியிருவது ஆட்டுத் தோல். அதுல ஒண்ணு, கழுத்துகிட்ட மட்டும்..."

"சோறு மூடி வெச்சிருக்கேன். ரசம் அடுப்பு மேலயே இருக்கு. குர்ஷித் வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்."

அம்சவேணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மணி சரியாக ஏழு. ராமலிங்கம் கழுத்துப் பக்கத்துக் கதையை ரசத்திடம் சொல்லி முடித்தார்.

ஆம்பூரில் ஒரு டேனரியில் அவர் செலக்டர். பதனிட்ட தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிசல் என்று பிரித்துப் போடுகிற வேலை. இருபது வருஷத்தில் இந்த விரல் ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை என்பார். கேட்டவர்களிடம் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி மூன்று மாதமாகச் சாயங்காலமானால் வீட்டில் தங்குவதில்லை. பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வெறும் வீட்டில் தனியாகச் சாப்பிட ராமலிங்கத்துக்குப் பிடிக்கவே இல்லை. அம்சவேணி எதிரே உட்கார்ந்து மோர் ஊற்றினால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

காரணத்தை அவரே கண்டுபிடித்தார். அடுத்த தெரு குர்ஷித் பேகத்தின் வீட்டுக்காரர் மெட்ராஸிலிருந்து இசைத்தட்டுப் பெட்டி கொண்டுவந்து இறக்கியதை ஊரே பார்த்தது. அம்சவேணி பாட்டுக்காகத்தான் போகிறாள். அந்த மாதிரிப் பெட்டி நம் வீட்டிலேயே பாடிவிட்டால் அவள் எதற்கு வெளியே போகப்போகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு பஸ் ஏறினார். கடைக்காரர் கிருஷ்ணராஜ் இரண்டு டர்ன்டேபிளை மேஜைமேல் எடுத்து வைத்தார்.

"இதுல ஊசி மாட்டற ஹெட்டு கிரிஸ்டல் சார். உங்க ரேடியோ பின்னாடி ஓட்டை இருக்கும், அதுல சொருகினா பாடிடும். இது மேக்னட்டிக். இதுல சத்தம் ரொம்பக் கம்மியா வரும். நடுவுல வால்வ் போட்ட சின்னப் பெட்டி ஒண்ணு வெச்சுத் தூக்கி விடணும். ஆனா பாட்டு சுத்தமா இருக்கும்."

"முதல் தரம் எது?"

"நீங்க முதமுதல்ல வாங்கறீங்க. கிரிஸ்டலே போதும் சார். பேஜார் இல்ல."

"நான் அதைக் கேக்கலியே?"

ராமலிங்கம் இரண்டு தட்டுகளையும் கட்டைவிரலால் தடவினார். அப்படியே ஊசியையும் தடவப் போனார். கிருஷ்ணராஜுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"மேக்னட்டிக்கையே கட்டுங்க" என்றார்.

நடுவில் வைக்கிற பெட்டியை ரேடியோ மெக்கானிக் தேவசகாயம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் செய்து கொடுத்தான். முதல் நாள் தட்டு சுழன்றது, ஊசி இறங்கியது. பாட்டுக்குப் பதிலாக 'ங்ங்ங்' என்றது.

"இன்னாங்க இது, வண்டு பூந்துகிச்சா?" என்றாள் அம்சவேணி.

"அதுக்குப் பேரு ஹம்மு. இப்படி ஒக்காரு, சொல்றேன். மேக்னட்டிக் ஹெட்டுல இன்னா ஆவுதுன்னா..."

அம்சவேணி அன்றைக்கு ஆறரைக்கே கிளம்பிவிட்டாள்.

"எர்த் சரியில்லீங்க" என்றான் தேவசகாயம். "கொல்லையில குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, கம்பி எறக்கணும்."

ராமலிங்கத்துக்கு உப்புக்கா பஞ்சம்? பச்சைத் தோலிலிருந்து உதறிய உப்பு டேனரியில் குவியலாகக் கிடந்தது. ஒரு மூட்டை கட்டி சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். குழியில் கொட்டியதும் ஹம் பாதியாகக் குறைந்தது. அவரும் தேவசகாயமும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் தெருவில் இருந்த நாய்களெல்லாம் கொல்லைக்கு வந்து சேர்ந்தன. இவ்வளவு தோல் வாசனைக்கு அடியில் ஒரு முழு ஆடாவது இருக்கும் என்று நம்பித் தோண்டின. ஆடு இல்லை, கம்பிதான் இருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயின. ஹம் இரண்டு மடங்கானது. நாற்றம் சமையலறை வரைக்கும் வந்தது.

"நாத்தம் தாங்கலீங்க" என்றாள் அம்சவேணி.

"அது நாத்தம் இல்ல அம்சா. ஆட்டுத் தோல் உப்பு ஒரு மாதிரி இருக்கும், மாட்டுத் தோல் உப்பு வேற மாதிரி. எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னா..."

அவள் ஆறு மணிக்கே படி இறங்கிவிட்டாள்.

இந்தத் தடவை தேவசகாயம் தட்டைச் சுழற்றும் மோட்டார் மேல் பழி போட்டான். "டின்னு மோட்டார் பக்கத்துல இருக்கக் கூடாதுங்க" என்று நீள ஒயர் போட்டு அதை அலமாரி உச்சிக்குக் கொண்டுபோனான். ஹம் அடங்கியது. ஆனால் அந்த நீள ஒயர் எங்கிருந்தோ ஒரு வானொலி நிலையத்தைப் பிடித்துவிட்டது. காதலன் வரவில்லையே என்று பாடகி உருகிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ஒருவர் நிலக்கடலைக்கு எரு போடும் முறையை நிதானமாக விளக்கினார்.

அடுத்த நாள் ராமலிங்கம் வேலை முடிந்து வருவதற்குள் வீடு பூட்டியிருந்தது. சாவி ஜன்னல் ஓரத்தில் இருந்தது. சோற்றை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இருந்த கொஞ்ச நேரமும் போய்விட்டதே!

விடவில்லை. அரை நாள் லீவு போட்டார். குழியைச் சுத்தம் செய்து கடை உப்பு போட்டார். தேவசகாயம் ஒயரை முழ நீளத்துக்கு வெட்டினான். நாலு மணிக்கு ஊசியை இறக்கினார்கள். வண்டு இல்லை, கடலை இல்லை, பாட்டு மட்டும் வந்தது. சமையலறையிலிருந்து அம்சவேணி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்லாருக்குங்க" என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

ராமலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா? அந்த வயலின் தனியா நிக்குது பாரு! கிரிஸ்டலா இருந்தா அமுங்கிப் போயிருக்கும். கடைக்காரன் வேணாம்னுதான் சொன்னான். நான் இந்த வெரலால ஒரு தடவு தடவினேன். தோலும் இப்படித்தான் அம்சா, போன வாரம்கூட ஒரு லோடு..."

பாட்டு முடிந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் செருப்பும் இல்லை.

"இன்னும் இன்னாடா கொறை?" என்றார் ராமலிங்கம்.

"எனக்கும் தெரிலீங்க" என்றான் தேவசகாயம். "அவங்க பெட்டி நம்முளுத விட ஒசத்தியோ இன்னாவோ."

"அப்போ அதைத் தொறந்து பாத்துட்டு, அதே மாதிரி செஞ்சுடு."

அந்த நேரம் பார்த்து, குர்ஷித் பேகம் வீட்டில் வேலை செய்கிற முனியம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "உங்க வூட்டம்மா தையல் பையை மறந்துட்டு வந்துட்டாங்களாம். எடுத்தாரச் சொன்னாங்க."

ராமலிங்கம் பையை எடுத்துக் கொடுத்தார். மனசு கேட்கவில்லை. "முனியம்மா, இப்போ அங்க இன்னா பாட்டு ஓடுது?"

"பாட்டா? எங்க பெட்டி கெட்டுப் போயி எட்டு மாசமாச்சேங்கய்யா! ரிப்பேருக்குக் குடுக்கலாம்னு குர்ஷித்தம்மா எப்போ எடுத்தாலும், உங்க வூட்டம்மாதான் 'வேணாம் குர்ஷித், சத்தமே இல்லாத எடம் எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு'ன்னு கையைப் புடிச்சுக்கிறாங்க."