பாடு போன அன்று வந்த ஏப்பம்

எனக்கு அறிவு கம்மி, கோபம் ஜாஸ்தி. கோட்டைக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானே சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

போன வருஷம் பி.பி. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் நெஞ்சு எரிய ஆரம்பித்தது. புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். (பொன்னேரிக்கு பஸ் ஏறி, வரிசையில் உட்கார்ந்து... யாருக்குப் பொறுமை?) மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். எரிச்சலுக்கு உப்பு சோடா. ஒரு நாளைக்கு நாலு.

ஏரியில் நாங்கள் முறை வைத்துத்தான் வலை போடுவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நம் நாளைத் தவறவிட்டால் போனது போனதுதான். அன்று என் பாடு. நல்ல இறால் சமயம். வீடே அந்த நாளை நம்பியிருந்தது.

காலையில் பழைய சோறு, கருவாட்டுக் குழம்பு, மேலே இரண்டு சோடா. மனைவியின் தம்பி சேகரோடு படகேறினேன். பாதி வலை இழுத்திருப்போம். நெஞ்சில் கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. தலை சுற்றியது. சாய்ந்துவிட்டேன்.

"இன்னா மாமா, இன்னா ஆச்சு?"

"ஹார்ட்டுடா. நான் போறேன். உங்க அக்காவப் பாத்துக்க."

"வலை?"

"வலையத் தூக்கி ஏரில போடு! கரைக்கு வுடு!"

(வலை ஏரியில்தான் கிடந்தது.)

கரையில் மனைவி அழ, ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தார்கள். திருப்பாலைவனம் தாண்டியதும் ஒரு ஏப்பம் வந்தது. எருமை கத்தின மாதிரி. வலி நின்றுவிட்டது. ஆனாலும் ஆட்டோவைத் திருப்பவில்லை; நேரே பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். "ஹார்ட் நல்லா இருக்கு. இது நெஞ்செரிச்சல். ஆனா பி.பி. எகிறிக் கிடக்கு. மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?" என்றார் டாக்டர்.

"அதாலதான் சார் எரிய ஆரம்பிச்சுது. இப்ப உப்பு சோடா குடிச்சு சமாளிக்கிறேன்."

"சில மாத்திரை எரிச்சலக் கூட்டும். சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பேன். அத நிறுத்திட்டு உப்பக் கரைச்சுக் குடிச்சா பி.பி. ஏறாம இன்னா பண்ணும்?"

திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்து, பாடும் போய்விட்டது. வலையில் பாதியை நண்டு அறுத்திருந்தது. டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொண்டது. சோடாவை விட்டேன்.

இப்போதும் சாப்பிட்டு ஒரு ஏப்பம் விட்டால் போதும், உள்ளேயிருந்து மகள் கத்துவாள்: "வலைய வுட்டுடலாமா நைனா?"

கோபம் வரும். பி.பி. ஏறுமே என்று அடக்குகிறேன். அடக்கினால் நெஞ்சு எரிகிறது.