இருபத்தெட்டில் விழாத குளியலறை

வாஷ்பேசின் விழுந்தால் ஷவர் விழவில்லை. ஷவர் விழுந்தால் வாஷ்பேசின் பாதியில் அறுந்து நின்றது.

பாஸ்போர்ட், கவிழ்த்த வாளியின் மேல் கேமராவும் கையுமாக ஏறி நின்று, முதுகைச் சுவரோடு ஒட்டி, மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். தொந்தி உள்ளே போனது. குளியலறை அகலமாகவில்லை.

பாஸ்போர்ட் அவர் பெயரல்ல, ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிற பிழைப்பு. தலையிலிருந்து தோள் வரைக்கும்தான் அவருக்கு உலகம். முழு மனிதனையே எடுத்துப் பழக்கமில்லாதவரிடம், ஒரு கட்டடத்தின் அத்தனை வீடுகளையும் வாடகை விளம்பரத்துக்குப் படமெடுக்கும் வேலையைத் தரகர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். முதலில் இந்த வீடு. இது தேறினால் மற்றதெல்லாம் அவருக்கு. தலைகளெல்லாம் மொபைலுக்குப் போய்விட்ட காலத்தில், இதை விட்டால் ஸ்டுடியோவை மூடவேண்டியதுதான்.

"ஒரு ரூமுக்கு ஒரே படம்," என்று தரகர் கறாராகச் சொல்லியிருந்தார். "ரெண்டு போட்டா ரெண்டு பாத்ரூம்னு நெனச்சுக்கிட்டு வந்து என் சட்டையைப் பிடிக்கறாங்க சார்."

அன்று சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கணும். என்கிட்ட இருக்கறது முப்பத்தஞ்சு எம்எம். இருபத்தெட்டு வேணும்."

"கம்மி பண்ணிட்டா எப்படி அதிகம் தெரியும்?"

"நம்பர் கொறஞ்சா அகலம் கூடும்."

"அப்போ விலையும் கொறையுமா?"

"இல்ல, விலை கூடும்."

"இது என்ன கணக்கு?" என்று மனைவி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "சரி, என்ன மாதிரி லென்ஸ்?"

"பிரைம். அதான் கொஞ்சம் மலிவு. ஜூம் ஆகாது, நாமதான் முன்னயும் பின்னயும் போய்க்கணும்."

"பின்ன போக இடமில்லைன்னுதானே லென்ஸே வாங்கப் போறீங்க?"

பாஸ்போர்ட் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பழைய லென்ஸ் கடைக்காரர் காசைவிடப் பண்டமாற்றில் கெட்டிக்காரர். முப்பத்தைந்தையும் ஃப்ளாஷையும் வாங்கிக்கொண்டு ஓர் இருபத்தெட்டைக் கொடுத்தார்.

"ஃபோகஸைக் கையாலதான் திருப்பணும். அதான் விலை உங்க கைக்கு எட்டுது."

"பரவாயில்ல. பாத்ரூம் எங்க ஓடப் போகுது?"

"கேமரா ஃபுல் ஃப்ரேம்தானே? லென்ஸ் காட்டற அகலம் முழுசா விழும்ல?"

"பெட்டியிலேயே போட்டிருக்கு."

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. இருபத்தெட்டுல விழாத பாத்ரூம் இந்த உலகத்துல கெடையாது."

மறுநாள் அந்தக் கிடையாத பாத்ரூமில் பாஸ்போர்ட் நின்றுகொண்டிருந்தார். வாஷ்பேசினின் குழாய் மட்டும் புதிதாக வந்திருந்தது. ஷவரைக் காணவே காணோம்.

திரும்பக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் லென்ஸை வாங்கித் தன் கேமராவில் மாட்டிக் காட்டினார். கல்லாப்பெட்டி, இரண்டு பக்க அலமாரி, மேலே ஃபேன், ஓரத்தில் பாஸ்போர்ட்டின் குழம்பிய முகம், எல்லாம் விழுந்தன.

"பார்த்தீங்களா? லென்ஸ் மேல குத்தமில்ல."

"அப்போ என் மேலயா?"

"பாத்ரூம் மேல," என்றார் கடைக்காரர் பெருந்தன்மையாக. "இருபத்துநாலு எடுத்துக்கோங்க. முகம் எடுக்கற லென்ஸ் ஒண்ணு வெச்சிருப்பீங்களே, அதைக் குடுங்க."

வயிற்றுப் பிழைப்பாக இருந்த அந்த லென்ஸும் போனது. இருபத்துநாலில் ஷவர் வந்தது. டாய்லெட் போனது. பாஸ்போர்ட் யோசித்தார். பின்னால் போக ஒரே வழி கதவுப் பக்கம்தான். ஆனால் கதவு உள்பக்கம் திறந்து வாஷ்பேசினை மறைத்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கீல்களைக் கழற்றி, கதவைத் தூக்கி ஹாலில் சாத்திவிட்டு, நடையில் நின்று எடுத்தார். இப்போது எல்லாவற்றையும் விடப் பெரிதாக நிலைச்சட்டம் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத் தரகர் வந்தார்.

"என்ன சார் இது?"

"கதவு."

"கதவுன்னு எனக்கும் தெரியுது. அது ஏன் சோபா பக்கத்துல நிக்குது?"

"பாத்ரூம் முழுசா விழணும்னு..."

"கதவில்லாத பாத்ரூமை எந்த மகராசன் வாடகைக்கு எடுப்பான்? நாளைக்குக் கடைசி நாள் பாஸ்போர்ட் சார். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ஆழம் தெரியாமல் காலை விட்டாகிவிட்டது, இனி முழுகத்தான் வேண்டும். முக்காலி ஸ்டாண்டையும் கேமராப் பையையும் கொடுத்து இருபது வாங்கினார் பாஸ்போர்ட். ஸ்டாண்டைத் தடவிப் பார்த்த கடைக்காரரே கொஞ்சம் இளகிப்போனார்.

"இதுக்கு மேல வைடு வேணும்னா பாத்ரூமைத்தான் இடிச்சுக் கட்டணும்ணே."

கதவைத் திரும்ப மாட்ட ஒற்றை ஆளால் ஆகாது. மறுநாள் மனைவி தன் தம்பியை அனுப்பிவைத்தாள். ஏசி மெக்கானிக். வந்ததும் வராததுமாகக் கதவைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். கேமராவை மளிகைப் பையிலிருந்து எடுத்த பாஸ்போர்ட், இருபதை மாட்டி, வாளியில் ஏறி, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு அமுக்கினார்.

வாஷ்பேசின் முழுசாக வந்தது. ஷவர் வந்தது. டாய்லெட்டில் முக்கால்வாசி வந்தது. மிச்சக் கால்வாசி எங்கே?

அதற்குள் வந்துவிட்ட தரகர் கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு தன் மொபைலை நீட்டி, நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்தார். வாளி, பாஸ்போர்ட், மச்சானின் தோளில் கதவு உட்பட அத்தனையும் விழுந்தன.

"ஓசிப் போன்ல விழறது உங்க கேமரால விழலையே சார்," என்றவர், அதே மொபைலில் வேறு யாரையோ அழைத்தபடி வாசல் பக்கம் நடந்தார்.

பாஸ்போர்ட் வாளியின் மேலேயே நின்றார். லென்ஸைப் பார்த்தார். அதில் இருபது என்றுதான் எழுதியிருந்தது. இருபது என்றால் இருபதுதானா என்பதே இப்போது அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

கதவின் பின்னாலிருந்து மச்சான் தலையை நீட்டினான்.

"மாமா, போன மாசம் மேட்ச் எடுக்கக் கேமராவை வாங்கிட்டுப் போனேன்ல, பந்து ரொம்பத் தூரமாத் தெரியுதேன்னு, நாலு ஓரத்தையும் வெட்டிட்டு நடுவை மட்டும் எடுக்கற மாதிரி அதுல செட்டிங்கை மாத்தி வெச்சிருந்தேன். அதைத் திருப்பி மாத்திட்டுத்தானே எடுக்கறீங்க?"