நீலச் சட்டையும் பச்சை வெளிச்சமும்

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உன் அக்காவும் நலம் என்றுதான் முந்தாநாள் வரை நினைத்திருந்தேன். நீயும், மனைவியும், இரண்டு மாதப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் சிரிப்பாய்.

என் மகள் ஆய்வுக்கூடத்தில் மனித செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, நீயும் நானும் வீடு வீடாக அடிக்கிற பூச்சி மருந்தை அதில் சொட்டுவிட்டுப் பார்க்கிறாள் அல்லவா, மூன்று மாதமாக ஒரே குழப்பம், மருந்து விட்ட கிண்ணம் சாவது சரி, விடாத கிண்ணமும் சாகிறது, தண்ணீரை மாற்றினாள், மெஷினை மாற்றினாள், சாப்பாட்டையே மறந்தாள், அதைக் கொண்டுபோன என்னைப் பிடித்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். மச்சான், நீ நம்பமாட்டாய்! உன் அக்கா மூட்டுவலிக்கு விழுங்குகிறாளே, அதே கால்சியம்தான் செல்லைக் கொல்கிறது. செல்லுக்குள் துளியூண்டுதான் இருக்கலாமாம், வெளியே பத்தாயிரம் மடங்கு. கண்ணுக்கே தெரியாத அந்தச் செல் ஓயாமல் அதை வெளியே தள்ளியபடி இருக்கிறது. மருந்து பட்டதும் கதவு திறந்துகொள்கிறது. கால்சியம் உள்ளே பாய, செல் முழுக்கப் பச்சை வெளிச்சம். அவள் போட்ட சாயம் அது. பிறகு செல் தன்னைத் தானே பிரித்துப் போட்டுவிட்டு அணைகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அத்தனை அழகு, அத்தனை பயம்.

"அப்பா, என் வெள்ளைக் கோட்டு எதுகூட துவைக்கிறீங்க?"

"வேலைக்குப் போடுற என் நீலச் சட்டைகூடத்தான். ஒரே மெஷின்தானேம்மா."

அவள் கோட்டின் கையை நீரில் நனைத்தாள். அந்த நீரில் ஒரு சொட்டை மருந்து விடாத கிண்ணத்தில் விட்டாள். கிண்ணம் பச்சையாக எரிந்தது.

முப்பது வருஷமாக, "நமக்கு ஒண்ணும் ஆகலையே!" என்று வெறுங்கையால் மருந்து கலக்கினேன். உனக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்த பாவி நான்தான். நீ வேலை முடிந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறாய். வேண்டாம் மச்சான். கையுறை போடு, குளி, பிறகு தூக்கு. நான் அந்தச் சட்டையை அன்றே கிழித்துத் துணியாக்கி மூலையில் போட்டுவிட்டேன். தொல்லை விட்டது.

பிள்ளை நூறாண்டு வாழட்டும். அதன் ஒவ்வொரு செல்லும் நூறாண்டு வாழட்டும்.

உன் அத்தான்

பி.கு.: நேற்று அனுப்பிய பார்சலில் பிள்ளைக்கு உன் அக்கா பின்னிய தொப்பி இருக்கிறது. கசங்கக் கூடாதென்று மூலையில் கிடந்த மெத்தென்ற நீலத் துணியில் சுற்றினாளாம், இப்போதுதான் சொல்கிறாள். பார்சலைப் பிரிக்காதே! நீ போனை எடுக்கவில்லை. தபாலை நம்பாமல் இந்தக் கடிதத்தோடு நானே பஸ் ஏறுகிறேன். நான் வருவதற்குள் இதைப் படித்துவிடு.