திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டிய நூற்று நாற்பது கிகாபைட்

கற்பிட்டி,
வெள்ளிக்கிழமை.

சங்கைக்குரிய அருட்தந்தை ஜூட் அடிகளார் அவர்களின் சமூகத்துக்கு, அக்கா சுதர்சினி தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது.

தங்களின் வருடாந்தத் தியானம் நல்லபடியாக நிறைவேற இங்கே தினமும் செபமாலையில் தங்களை நினைக்கிறோம். நாங்கள் மூவரும் சுகம். வீட்டிலுள்ள இரண்டு மடிக்கணினிகளுக்குத்தான் சுகமில்லை. தியான இல்லத்தில் பத்து நாளும் போன் தொடக்கூடாது என்பதால் இதைக் கையால் எழுதி, நீர்கொழும்புக்கு மீன் ஏற்றிப் போகும் நிரோசனின் லொறியில் கொடுத்துவிடுகிறேன். உறையில் மீன் வாடை இருந்தால் வாசலில் வாங்குகிறவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

"தங்கள்" இவ்வளவோடு போதும். நீ குருவானவர்தான், ஆனால் என்னைவிட எட்டு வயது இளையவன், இந்த வீட்டுக்குள் லினக்ஸைக் கொண்டுவந்ததும் நீதான். போன நத்தாருக்கு வந்தபோது, "வைரஸ் வராது அக்கா, பழைய மெஷினும் புதுசு மாதிரி ஓடும்" என்று என்னுடையதிலும் மகள் ஜெசிக்காவினுடையதிலும் அதைப் போட்டுவிட்டு, இரண்டுக்கும் கடவுச்சொல்லாக நம் அம்மாவின் பெயரை வைத்துவிட்டுப் போனாய். அந்தச் சொல் உனக்கும் எனக்கும் ஜெசிக்காவுக்கும் மட்டுமே தெரியும். அத்தானுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மறந்துவிடாமல் இருக்கப் படகில் பெயின்றால் எழுதிவைப்பார்.

விசயம் இதுதான். ஜெசிக்கா வருகிற திங்கட்கிழமை மட்டக்களப்புக் கம்பஸுக்குப் போகிறாள், மடிக்கணினியும் அவளோடு போகிறது. நம் குடும்பத்துப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, நூற்று நாற்பது கிகாபைட். "எல்லாத்தையும் உங்கட மெஷின்ல போட்டுட்டுத்தான் போவன்" என்று ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு தொடங்கினாள். பென் டிரைவில் போடலாமே என்று நீ கேட்பாய். என்னுடையதில் பென் டிரைவ் செருகுகிற துளைகளும் வயர் செருகுகிற துளையும் உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடக்கின்றன. வைஃபை ஒன்றுதான் வழி. அந்த வழியில் அனுப்பினால் முடிய இன்னும் பதினொரு நாள் ஆகும் என்று திரை சொன்னது. நடுவில் இருப்பது ஒரு சாப்பாட்டு மேசை, ஜூட். அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு எறும்புகூட இதைவிடக் கெதியாகப் போகும்.

திங்கள் அத்தான் கையில் எடுத்தார். அவருக்கு அலை என்றாலே உயரம். "கடல்ல இருபது மைலுக்கு அங்கால நிக்கிற படகோட கதைக்கிறம், ஒரு மேசையில இருக்கிற ரெண்டு பெட்டி கதைக்கேலாதா" என்று கேட்டுக்கொண்டே படகில் கிடந்த மூங்கிலைக் கொண்டுவந்து முற்றத்தில் நட்டு, அதன் நுனியில் ரவுட்டரைக் கட்டி, மழை படாமல் ஐஸ்கிரீம் டப்பாவால் மூடினார். திரை பதின்மூன்று நாள் என்றது. பக்கத்து வீட்டு அல்பொன்சா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன திருவிழாவுக்குக் கொடிமரம் நட்டிருக்கிறியள்" என்று கேட்டார். அத்தான் கயிற்றை இன்னும் இறுக்கினார். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ வந்த கழுதையொன்று மூங்கிலில் முதுகைத் தேய்க்க, ரவுட்டர் டப்பாவோடு மணலில் விழுந்தது. அதன்பின் அதை வீட்டுக்குள் பழைய இடத்தில் வைத்தோம், பதினொரு நாள் திரும்பி வந்தது. நன்றியோடு ஏற்றுக்கொண்டோம்.

செவ்வாய் இரண்டு மடிக்கணினிகளையும் தோளோடு தோள் ஒட்டி வைத்தோம், பிறகு ரவுட்டருக்கு இரு பக்கமும் வைத்தோம், பிறகு குளிர்சாதனப் பெட்டிதான் குழப்புகிறது என்று அதை நிறுத்தினோம், அதனால் அரைக் கிலோ கணவாய் பழுதானதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இடையிடையே தொடர்பு அறுந்துபோகும். உடனே ஆள் இருந்து மறுபடி தொடக்கிவிட வேண்டும், அதனால் ஜெசிக்காவால் மேசையைவிட்டு எழும்ப முடியாது. நானும் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். ஒரு படம் வந்து சேர்ந்தால், இன்னொன்று வருமட்டும் வந்ததைத் திறந்து பார்ப்போம். தலவில திருவிழாக் கூடாரத்தில் அத்தான் எல்லாப் படத்திலும் நித்திரை. நீ கழுதையில் ஏறி விழுந்த படமும் வந்து சேர்ந்துவிட்டது. அது என்னிடம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்.

புதன்கிழமை, எங்கள் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிற அக்கீலா டீச்சர் வந்தார். அவர் முதலில் ஒன்றையும் தொடவில்லை, அளந்தார். ஒரு மடிக்கணினியைக் கேட்கச் சொல்லி, மற்றதைப் பேசச் சொல்லி, வினாடிக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தார். பிறகு சிரித்தார். "ஒங்கட மெஷின் தூங்குது டீச்சர். கரண்ட மிச்சம் புடிக்கிறேன்டு வைஃபை ஒரு பார்சல வாங்கி வெச்சிட்டுத் தூங்குது, எழும்பி அடுத்தத வாங்குது. ஒரு வரி அடிச்சா சரி." அந்த மின்சேமிப்பை நிறுத்தும் கட்டளையை ஒரு துண்டில் எழுதி என்னிடம் தந்தார். கடைசிச் சொல் "ஓஃப்". நான் அடித்தேன். பதினொரு நாள் மூன்றரை மணித்தியாலமாகியது. அத்தான் போய் அக்கீலாவுக்கு நாலு பாரை மீன் கட்டிக்கொண்டு வந்தார்.

வியாழன் காலை பார்த்தால் மறுபடி நாள் கணக்கு. அக்கீலாவுக்குப் போன் எடுத்தோம். "மெஷின நிப்பாட்டிப் போட்டா பழையபடி வரும், நிப்பாட்டினீங்களா" என்று கேட்டார். நிப்பாட்டவில்லை. அவருக்கே விளங்கவில்லை. மீனைத் திருப்பித் தரவா என்று கேட்கிற அளவுக்கு மனம் நொந்துவிட்டார். ஜெசிக்கா பாவம், சிநேகிதிகளோடு சிலாபத்தில் இரண்டு நாள் நிற்க இருந்த பயணத்தையும் நிறுத்திவிட்டு மேசையில் இருக்கிறாள். "மாமாக்கு எழுதுங்கம்மா, ஒண்டும் விடாம எழுதுங்க. பாதிய மறைச்சா அவருக்குக் கண்டுபிடிக்கேலாது" என்கிறாள். அதனால்தான் இவ்வளவு நீளம். என்ன செய்வதென்று நிரோசனிடமே எழுதிக் கொடுத்துவிடு.

தியானத்தைக் கலைத்ததற்கு மன்னித்து, பயணம் போகிற பிள்ளையையும் அத்தானையும் படகையும் இரண்டு மடிக்கணினிகளையும் உன் பூசையில் ஒப்புக்கொடுத்து, உன்னைத் தூக்கி வளர்த்த எனக்கும் ஓர் ஆசீர் மிச்சம் வைக்கவும்.

அக்கா,
சுதர்சினி

பி.கு.: சனி காலை. லொறி இன்னும் வரவில்லை. இனி வருவதைத் தம்பியாக வாசிக்காதே, குருவாக வாசி. கடிதத்தில் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் வாயை மூடிக்கொண்டிரு.

புதன்கிழமை அக்கீலா போனதும் ஜெசிக்கா, "இன்னும் மூண்டரை மணித்தியாலந்தானே, அப்ப நான் நாளைக்கு வெள்ளன சிலாபத்துக்குப் போயிருவன்" என்றாள். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் துண்டை எடுத்து அதே வரியை அடித்தேன், கடைசிச் சொல்லை மட்டும் "ஓன்" என்று மாற்றி. கடவுச்சொல் கேட்டது. அம்மாவின் பெயரை அடித்துத்தான் இந்த வேலையைச் செய்தேன், ஜூட்.

நேற்று இந்தக் கடிதத்தை எழுதி முடித்தபின் மனம் கேட்கவில்லை. பின்னேரமே போய் "ஓஃப்" அடித்துவிட்டேன். மூன்று மணித்தியாலம் என்று காட்டியது. குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தவளிடம், "மகள், வேகம் வந்திட்டுது" என்றேன். "அப்பிடியா" என்றாள், இறாலைப் பார்த்துக்கொண்டே.

இன்று காலை எழும்பிப் பார்த்தால் ஆறு நாள். மடிக்கணினி இரவு அணையவில்லை. என்ன நிலை என்று கேட்டுப் பார்த்தேன், "ஓன்" என்றது. அம்மாவின் பெயர் தெரிந்தவர்கள் மூன்று பேர். நீ தியானத்தில் இருக்கிறாய். நான் தொடவில்லை.

அவள் தேத்தண்ணியோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். "இன்னும் ஸ்லோதானம்மா" என்றாள். "ஓம் மகள்" என்றேன். இரண்டு பேரும் திரையைத்தான் பார்த்தோம்.

ஆகவே பதில் வேண்டாம். நாளை பூசை முடிந்து வந்ததும் அந்தக் கடைசிச் சொல்லை நானே "ஓஃப்" என்று மாற்றுவேன், திங்களுக்கு முன் எல்லாம் வந்துவிடும். இப்போது வந்துகொண்டிருப்பது உன் குருப்பட்டத் திருப்பலி வீடியோ, எல்லாவற்றிலும் பெரியது. அன்றைக்கு அவ்வளவு நீளமாகப் பிரசங்கம் வைத்ததற்கு உனக்கு இப்போதுதான் நன்றி சொல்லத் தோன்றுகிறது.