முழு வடிவ இலச்சினை

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி, சக்கரத்தில் வளர்ந்து, குடிநீர் வாரியத்தின் புதிய இலச்சினையில் முழுமை பெற்றது. சந்தேகப்படுபவர்கள் வாரியத்தின் மாடிக்குப் போய் இலச்சினை அதிகாரியைப் பார்க்கலாம். சக ஊழியர்கள் அவரை அன்போடு 'இலச்சினையார்' என்பார்கள். அன்பு குறைந்த நாட்களில் வேறு பெயரும் உண்டு.

இலச்சினைக்கு இரண்டு வடிவங்கள். வெறும் நீலத்துளி, சாவிக்கொத்து போன்ற சில்லறைச் சாமான்களுக்கு. பொதுமக்கள் கண்ணில் படும் மற்ற எல்லாவற்றுக்கும் முழு வடிவம்: துளி, அதன் கீழே கொட்டை எழுத்தில் 'நம்பிப் பருகுங்கள்'. எதை எங்கே போடுவது என்பதில் இலச்சினையார் பெற்ற தாயையும் நம்பமாட்டார்.

அன்று காலை கீழைப் பகுதியில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் உடைந்து ஒன்றோடொன்று உறவு கொண்டாடத் தொடங்கின. குழாயின் வால்வும் துருவேறி, மூட மறுத்தது. பொறியாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கையில் ஒரு தாள்: 'இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.' மூலையில் வெறும் துளி.

"இது சாவிக்கொத்துக்குப் போடறது சார்," என்றார் இலச்சினையார் வேதனையோடு.

"ஜனங்க குடிச்சிட்டிருக்காங்க சார்."

"குடிக்கட்டும்னு நானா சொல்றேன்? குடிக்காதீங்கன்னு முழு வடிவத்துல சொல்லுவோம்."

"அதுலதான் 'நம்பிப் பருகுங்கள்'னு இருக்கே."

"அது செய்தி இல்லை சார், அடையாளம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டு குழாயைப் பார்க்கப் போனார். கலையுணர்வு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

'அவசரக் கூட்டம்' சாப்பாட்டுக்குப் பிறகு கூடியது. இலச்சினை பாதித் தாளை அடைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சுற்றி மூச்சுவிட இடமும் வேண்டும். ஆகவே எச்சரிக்கை அடிப்பக்கம் ஒதுங்கியது. சிவப்பு, வாரியத்தின் வண்ணங்களில் இல்லை என்பதால் இளநீலம் பூசிக்கொண்டது.

கூட்டத்தின் நடுவில் இலச்சினையாரின் செல்போன் அடித்தது. அக்கா. வீடு கீழைப் பகுதியில்.

"தம்பி, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுடா. மாமா வேற தாகமா இருக்குங்கறார். குடிக்கலாமா?"

இலச்சினையாரைத் தூக்கி வளர்த்தவள் அவள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். மேசையைச் சுற்றி எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கீகாரம் பெறாத செய்தியை வெளியே சொல்வது விதிமீறல். விதியை எழுதியவரும் அவரே.

"அறிவிப்பு வருதுக்கா. தெருக்குழாய்கிட்ட ஒட்டுவாங்க. அதைப் பார்த்து நடந்துக்கோ."

சாயங்காலம் அறிவிப்பு ஒட்டப்பட்டது. என்ன கம்பீரம். ஒட்டிய அறிவிப்பின் படத்தை வாரியத் தலைவர் பார்த்துவிட்டு, "இதுதான்யா ஒழுங்கு," என்று இலச்சினையாரின் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலின் சுகம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்வரை இருந்தது.

வார்டில் கட்டில் போதாமல் தரையிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். மாமாவின் கையில் டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் அக்கா, புடவைத் தலைப்பை வாயில் பொத்தியபடி நின்றாள்.

"அறிவிப்பைப் பார்க்கலையாக்கா?"

"பார்த்தோமேடா. தெருமுனையிலிருந்தே தெரிஞ்சுதே, நம்பிக் குடிங்கன்னு," என்றாள் அக்கா. "அதுவரைக்கும் அவரை ஒரு சொட்டு குடிக்க விடலை நான்."