ஓடுகிற மில்லை நிறுத்திய டார்ச்

கல்யாணமான புதிதில், யாரும் கேட்காமல் புகுந்த வீட்டில் திறமையைக் காட்டக் கூடாது. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.)

டார்ச்லைட்டுக்குள் இருக்கும் சின்னச் சிப்புக்கு நிரல் எழுதுவது என் வேலை. குடவாசலுக்குப் பக்கத்தில் ரைஸ்மில் நடத்தும் என் மாமியார், "எங்க மருமக டார்ச்லைட்டுக்கே மூளை வைக்கிறா" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்த மூளையை நேரில் காட்டியாக வேண்டாமா? தலைப்பொங்கலுக்குப் போகும்போது அவருக்கென்றே ஒரு டார்ச் செய்து எடுத்துப்போனேன்.

அதன் பெருமையே மங்கும் அழகுதான். குமிழைத் திருகினால் வெளிச்சம் திடுக்கென்று குதிக்காமல் சாயங்காலம் மாதிரி இறங்கும். எல்இடியை மங்கவைக்க அதை வேகவேகமாக ஏற்றி ஏற்றி அணைக்க வேண்டும். மலிவான சிப்பில் இன்னும் வழவழப்பாக மங்க வேண்டுமென்றால் அந்தச் சிமிட்டலின் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தேன். கண்ணுக்குத்தான் தெரியப்போவதில்லையே!

போகியன்று மில்லில் கூட்டம். மறுநாள் பொங்கலுக்குப் புதுநெல் அரைக்க ஆளாளுக்கு மூட்டையோடு நின்றார்கள். அத்தை எல்லோரிடமும் என்னைக் காட்டிவிட்டு, "அந்த பெல்ட்டுப் பள்ளத்துல அடிச்சுக் காட்டும்மா" என்றார். தரைக்குக் கீழே, இருட்டில், மிஷினை ஓட்டும் பெரிய சக்கரம் இருந்தது. டார்ச்சை அடித்து, பெருமையாகக் குமிழைத் திருகி மங்கவைத்தேன்.

சக்கரம் நின்றுபோயிருந்தது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது. மோட்டார் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை, பெல்ட் எரியப்போகிறது! பாய்ந்துபோய் மெயினை இறக்கிவிட்டேன்.

"யாரு மெயினை எறக்குனது?"

"நான்தான் அத்தை. சக்கரம் நின்னுபோச்சு!"

"நின்னுபோனா இவ்வளவு சத்தம் எப்படிம்மா வரும்?"

பாதி அரைபட்ட நெல் மிஷினுக்குள் அடைத்துக்கொண்டது. பட்டுப்புடவையோடு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தவிட்டைச் சுரண்டினேன். "நம்ம வீட்டுப் பொங்கலை மாட்டுப்பொங்கலோட சேத்து வெச்சுக்கலாம்" என்று வரிசையில் ஒருவர் ஆறுதல் சொன்னார். இந்த வீட்டில் இனி ஃபேன் ஸ்விட்சைக்கூட என்னை நம்பி விடமாட்டார்கள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

ஒருவழியாக மில் மறுபடி ஓடியது. "இப்ப அடி" என்றார் அத்தை. அடித்தேன். மறுபடியும் சக்கரம் நின்றது.

"அட, நெசமாவே நிக்குதுங்களே!" என்று கூட்டம் எட்டிப் பார்த்தது.

அத்தை ஒரு பிடி உமியை அள்ளிச் சக்கரத்தின் மேல் வீசினார். அவ்வளவு உமியும் சுழன்று வந்து என் முகத்தில் விழுந்தது. (வாய் வேறு திறந்திருந்தது.)

துப்பிக்கொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. ஒரு கம்பி இருந்த இடத்துக்கு அடுத்த கம்பி வரும் அதே நொடியில் என் விளக்கும் சிமிட்டியிருக்கிறது. நடுவில் சக்கரம் நகர்ந்ததெல்லாம் இருட்டிலேயே முடிந்துவிட்டது.

"தப்பு என்மேலதான் அத்தை. சரிபண்ணித் தரேன்" என்றேன்.

அத்தை காதிலேயே வாங்கவில்லை. டார்ச்சை வாங்கித் தானே திருகிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் வரிசையா வந்து பாருங்க" என்றார்.

சென்னைக்குத் திரும்பியதும், சிமிட்டலே இல்லாமல் மின்னோட்டத்தையே கூட்டிக் குறைக்கும் புது டார்ச் ஒன்றைச் செய்து அனுப்பினேன். நான் செய்ததிலேயே நல்ல டார்ச் அது. இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மில்லுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் அத்தை பழசைத்தான் எடுக்கிறார். "ஓடுற மில்லை நிறுத்திக் காட்டுவா எங்க மருமக, பாக்குறீங்களா?" என்று பள்ளத்துக்குள் அடிக்கிறார்.

நான் ஊரில் இருக்கும் நாளாக இருந்தால், அதற்கு முன்னால் யாராவது ஒருவர் போய் மெயின் ஸ்விட்சை மறைத்தபடி நின்றுகொள்கிறார்.