காத்து அண்ணாச்சி வைத்த டிக்கெட் ஜன்னல்கள்

சங்கரன்கோவிலில் அந்தக் காலத்தில் வீசிய காற்று முழுவதும் காத்து அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டுதான் வீசியது. சட்டைப் பையில் எப்போதும் தறியில் ஓடுகிற பாவு நூல் ஒரு முழம் வைத்திருப்பார். நடுத்தெருவில் நின்று அதைத் தூக்கிப் பிடித்து, "மேல்காத்து வாசுதேவநல்லூரைத் தாண்டிட்டு வே, காயப்போட்ட வேட்டிய எடும்" என்பார். நாங்கள் எடுப்போம்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. விசைத்தறிக் கூடத்தில் வேலை. காற்றுப் பட்டால் இழை அறும் என்று அங்கே ஜன்னலையெல்லாம் சாக்கால் அடைத்திருப்பார்கள். பகல் பூராவும் அந்தப் புழுக்கத்தில் வெந்து வெளியே வருகிற மனிதருக்குக் காற்றின்மேல் கிறுக்குப் பிடிக்காமல் என்ன செய்யும்?

நானோ காற்றடித்தால் ஓடு பறக்குமே என்றும், அடிக்காவிட்டால் மூச்சு முட்டுமே என்றும் கவலைப்படுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதே ஒன்பதாம் வகுப்புக் கணக்கை நினைத்துப் பயந்துதான். அதே மாதிரி கீரிக்குப் பயந்து, கொல்லையில் மண்சுவரும் ஓடுமாக, ஆள் குத்தவைக்கிற உயரத்தில் இருந்த கோழிக்கூட்டில் ஒரு துவாரம் விடாமல் அடைத்தேன். கத்திரி வெயிலில் ஒரே நாளில் எட்டுக் கோழிகள் செத்தன. எல்லாம் குருவிகுளத்தில் என் மாமியார் வளர்த்து, மகளுக்குக் கொடுத்துவிட்டவை. மாமியாரும் அந்த வருஷம்தான் காலமாகியிருந்தார். மிச்சம் ஒரே ஒரு செவலைக் கோழி. மறு சித்திரையில் அது பதினோரு முட்டைமேல் அடை உட்கார்ந்தது.

"இதுவும் போச்சுன்னா, இனி இந்த வீட்டுல கோழிச்சத்தமே கேக்காது, பாத்துக்கிடுங்க" என்றாள் என் மனைவி.

காத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"ஏ வே, இது கோழிக்கூடா, இட்லிக் கொப்பரையா?"

"கீரி வந்துருமே அண்ணாச்சி."

"கீரி வந்தா ஒண்ணுதான் போகும். நீரு மொத்தமால்லா அவிச்சிட்டீரு!"

அன்றே பழைய மரக்கடைக்கு இழுத்துப் போனார். ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் கோழி மாதிரிக் குத்தவைத்து உட்கார்ந்து, நூலைப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி ஜன்னல் ஆகாது. நாளைக்குப் பொரிக்கிற சேவல் தன்னையே பார்த்துச் சண்டைக்கு நிற்குமாம். கடைக்காரர் பொறுமை இழந்து, "குடி போறது கோழியா, நீரா?" என்று கேட்டுவிட்டார். கடைசியில், பிரித்துப் போட்ட ஒரு டூரிங் டாக்கீஸின் டிக்கெட் கவுண்டர் ஜன்னல்கள் இரண்டு அகப்பட்டன. ஒன்றின் தலையில் 'ஆண்கள்', இன்னொன்றில் 'பெண்கள்'. கீழே காசு நீட்டக் கை நுழையும் ஓட்டை.

"கை போற இடத்துல கீரி போகாதா அண்ணாச்சி?"

"கீரி என்ன படம் பாக்கவா வருது?" என்று சொன்னாலும், மணல் சலிக்கிற சல்லடையை வெட்டி இரண்டுக்கும் அடித்துத் தந்தார்.

"ஒரு ஜன்னல் போதாதா?"

"காத்து வாரதுக்கு ஒண்ணு, போறதுக்கு ஒண்ணு. போக வழியில்லன்னா அது உள்ளயே வராது வே."

மறுநாள் தறிக்கு லீவு போட்டார். கோழி மிரளக்கூடாதென்று மண்சுவரைக் கரண்டியால் சுரண்டியே இரண்டு பெரிய பொத்தல் போட்டார். கிழக்குப் பொத்தல் வழியாக உள்ளே நுழைந்து, செவலைக் கோழியின் உயரத்துக்குக் குனிந்துகொண்டார். அது அவர் முழங்காலைக் கொத்திக்கொண்டே இருந்தது. நான் வெளியே ஜன்னலைத் தூக்கிப் பிடித்தேன்.

"ரெண்டு விரக்கடை ஏத்தும்... காத்து அது கொண்டைக்கு மேலதான் போகணும்... கொஞ்சம் இறக்கும்... ஆங், அங்கனயே!"

மேற்கே 'ஆண்கள்', கிழக்கே 'பெண்கள்'. சுற்றிலும் செங்கல் வைத்து, அவர் உள்ளிருந்தும் நான் வெளியிலிருந்தும் சிமெண்டு பூசி முடித்தோம். உள்ளே நூல் நிமிர்ந்து பறந்தது. அப்புறம்தான் பார்த்தேன். அண்ணாச்சி நுழைந்த வழியில் 'பெண்கள்' நிற்கிறது. கோழி போகிற வாசலில் அவருடைய தலை மட்டும்தான் வெளியே வந்தது.

கடப்பாரையை எடுத்தேன்.

"ஏலே கிறுக்கா! இடிச்சா கோழி எந்திச்சிரும். கீழ போடுலே!"

"அப்ப மேல கூரையப் பிரிக்கேன் அண்ணாச்சி."

"வெயிலு நேரா அது தலையில எறங்கவா? பொழுது சாயட்டும்."

தெருவே கூடிவிட்டது. ஒருவர் 'ஆண்கள்' ஜன்னலுக்கு வெளியே நின்று, "அண்ணாச்சி, ரெண்டு பெஞ்ச் டிக்கெட்!" என்றார்.

"ஹவுஸ்புல் வே! போயிட்டு ராத்திரி ஆட்டத்துக்கு வாரும்!"

வெயில் தாழ்ந்து ஓடுகளைப் பிரித்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கோழியும் கொத்துவதை விட்டிருந்தது.

"இன்னும் செத்த நேரம் இருந்துக்கிடுதேன் வே. இருவது வருசமா தறிக்குள்ள நான் வேணும்னு கேட்ட காத்து இதுதான்."

பதினொன்றில் பத்துப் பொரித்தன. என் மனைவி பத்தையும் முறத்தில் வைத்து, அண்ணாச்சி வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

அப்புறம் அவருடைய மகள் அவரைப் பம்பாய்க்குக் கூட்டிப் போய்விட்டாள். "இங்கன ஜன்னலத் தொறந்தா எதுத்த வீட்டுச் சுவரு" என்று ஒரு கார்டு வந்தது. அதிலிருந்து, ஆடி பிறந்தால் 'ஆண்கள்' கம்பியில் புது நூல் கட்டி, அது எப்படிப் பறக்கிறதென்று அவருக்கு எழுதிப் போடுவேன். இப்போது அண்ணாச்சியும் இல்லை, எழுதிப் போட விலாசமும் இல்லை. நூலை மட்டும் கட்டுகிறேன். அறுந்துவிட்டதோ என்று அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.